283க்கு ஒன்பது மதிப்பெண்

வியாழன்தோறும் பத்தரை மணிக்கு
என் நாக்குக்கு வேலை.
மணிக்குப் பதினெட்டு யூரோ, பேருந்துச் செலவு தனி.

ஆளுக்கொரு அறை, அலமாரியளவு.
நிறம் பார்த்து ஏமாறக் கூடாதென்று
சிவப்பு விளக்கு.
எதிர்ச்சுவரில் புறாக்கூண்டின் கதவுபோல் ஒரு திறப்பு;
கையுறை போட்ட கையொன்று
தட்டை உள்ளே தள்ளிவிட்டு மறையும்.
இரண்டு விரலளவு பர்கர்த் துண்டு.
மேலே ரொட்டியில்லை, சாஸ் இல்லை,
தப்பை மூடிவைக்க எதுவுமில்லை.

மென்று, துப்பி,
வெதுவெதுப்பான நீரில் கொப்பளித்து,
உப்பில்லாத பிஸ்கட்டைக் கடித்து
அடுத்ததற்கு வாயைக் காலிசெய்ய வேண்டும்.

பெயர் கிடையாது. மூன்று இலக்க எண் மட்டும்.
அது எனக்குப் பழக்கம்தான்.
முப்பது வருடம் எண்களைத்தான் கறந்தேன்,
காதில் மஞ்சள் அட்டை ஆடும் எண்களை.
638 உதைப்பாள்.
045 மடியைத் தொட்டாலே சொரிவாள்.
போன அக்டோபரில் இரண்டு லாரிகளில்
எல்லா எண்களும் போய்விட்டன.
283 எங்களிடம் இருந்தாளா என்று
மெல்லும்போதே யோசித்தேன்.
இல்லை.

படிவம் கேட்கிறது:
பட்டாணி வாடை உண்டா? ஈர அட்டை? துருப்பிடித்த ஆணி?
ஒன்றிலிருந்து ஒன்பதுக்குள் எழுதவும்.
பட்டாணியோடு எனக்கு ஒரு சண்டையுமில்லை.
பனிக்காலம் முழுக்க எங்கள் வீட்டுப் பட்டாணிச் சூப்பில்
கரண்டி நட்டமாக நிற்கும்.
ஆனால் பட்டாணியாகவே வந்த பட்டாணி அது.

கடைசிக் கேள்வி: எவ்வளவு இறைச்சி?

எவ்வளவு என்றால்?
கவிச்சி என்று ஒன்று இருக்கிறது,
கன்று ஈன்ற விடியலில் முழங்கைவரை ஏறி
மூன்று முறை சோப்பு கேட்கும்.
அது இந்தத் தட்டில் இல்லை.
நேர்மையாகச் சொன்னால்
கடையில் வாங்கிய எந்தப் பொட்டலத்திலும்
அது இருந்ததில்லை.

பக்கத்து அறையில் தௌவே.
டொக்குமில் நாற்பது வருடம் கறிக்கடை வைத்திருந்தவர்.
துப்பமாட்டார், விழுங்கிவிடுவார்.
துப்பினால் பாதி நாக்குதான் வேலை செய்யுமாம்.
இடைவேளையில், காப்பி இயந்திரத்தருகே சொன்னார்:
"ஆறில் ஒன்று நிஜ மாடு. எப்போதும் ஒன்றைச் செருகுவார்கள்.
கண்டுபிடித்துவிட்டேன். 771.
எருது. கொஞ்சம் வயதானது."

வயதுகூடச் சொன்னார்.
நான் 283க்கு ஒன்பது போட்டிருந்தேன்.

மதியம் யோரின்டே வந்தாள், ஆய்வுக்கூடத்துப் பெண்.
அவள் சொல்லியிருக்கக் கூடாது, தௌவே விடவில்லை.
771 பட்டாணி, பீட்ரூட், தேங்காயெண்ணெய்.
283 பட்டாணி, கூடக் கொஞ்சம் காளான்.
மாடு 506.

506க்கு நான் நான்கு போட்டு
ஓரத்தில் எழுதியிருந்தேன்:
முயற்சி தெரிகிறது, இன்னும் மாடாகவில்லை.

தௌவே மேலங்கியின் பித்தான்களைப் போட்டார்,
கழற்றினார், மறுபடி போட்டார்.
விளக்கு இல்லாமலே காதுவரை சிவந்து
"அந்தக் கிழட்டு எருது நன்றாகத்தான் இருந்தது" என்றார்.
அடுத்த வியாழன் அவர் அறை இருட்டாக இருந்தது.

மீந்ததைக் கட்டிக் கொடுத்தார்கள்,
வெள்ளைப் பெட்டியில் இரண்டு வில்லை, எண்ணில்லாமல்.
ஹில்கே வெண்ணெயில் வறுத்தார்.
சமையலறை நிறையப் புகை, நல்ல புகை.
"இது எந்த வகை?"
கேட்க மறந்துவிட்டேன்.
"மோலேவுக்குத் தெரியும்" என்று
ஒரு விள்ளலை மேசைக்கடியில் நீட்டினார்.
நாய் தின்றது. அவர் விரலை நக்கியது,
அப்புறம் தரையை.
அவ்வளவுதான் பதில்.

கடுகு விழுதை இந்தப் பக்கம் தள்ளு என்றார்.
வெளியே காலித் தொழுவத்தில்
கறக்கும் நேரத்துக்குத் தானாக விளக்கெரிந்தது.
அந்தக் கடிகாரத்தை யாராவது நிறுத்த வேண்டும்.
சாப்பிட்டோம்.